மேட்டுக்கு ஏறிய மருந்துக்கடை

சடையங்குப்பத்தில் இருக்கும் ஒரே மருந்துக்கடையின் ஷட்டர் இறங்கிவிட்டது. உச்சிவெயிலில் மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரி பூட்டின்மேல் துணியைச் சுற்றிவிட்டு, சிவப்பு அரக்கை மெழுகுவத்தியில் காட்டுகிறார். மணலிப் பக்கத்துக் காற்றில் சுடர் சாய்ந்து சாய்ந்து நிமிர்கிறது. போன மழையில் பழைய கடைக்குள் இடுப்பளவு தண்ணீர் புகுந்ததால், கடைக்காரி யசோதரா எதிரிலுள்ள இந்த மேட்டுக்குக் கடையை மாற்றினாள். புது இடத்துக்கு அப்போதே உரிமம் கேட்டாள், இன்னும் வரவில்லை. "லைசென்ஸ் பழைய அட்ரஸுக்குத்தாம்மா. சட்டப்படி இது வேற கடை," என்கிறார் அதிகாரி, நிமிராமல். "அப்போ மருந்தெல்லாம் சாக்கடத் தண்ணில மெதந்துகினு இருந்தா சட்டத்துக்கு ஓகேவா சார்?" யசோதராவின் குரல் உடைகிறது. உள்ளே ஃபிரிட்ஜ் உறுமுவது ஷட்டர் வழியாகக் கேட்கிறது. மீன் விற்கும் கோவிந்தம்மாவின் மகளுக்கு வேண்டிய இன்சுலின் அதற்குள்தான் இருக்கிறது. மீன்கூடையை இறக்கி வைத்துவிட்டு கோவிந்தம்மா படியேறி வருகிறாள். செதில் ஒட்டிய கையால் பூட்டை இறுக்கிப் பிடிக்கிறாள். "சாயங்காலம் எம் பொண்ணுக்கு ஊசி போடணும். மருந்த எட்த்துக் குட்த்துட்டு இன்னா வேணா பண்ணிக்க. இல்லாங்காட்டி இந்தக் கை மேலயே ஊத்து." அதிகாரி முதல்முறையாக நிமிர்ந்து அவளைப் பார்க்கிறார். உருகிய அரக்கு சொட்டுச் சொட்டாக அவருடைய ஷூவின்மேல் விழுகிறது. அவள் கையை எடுக்கவில்லை.