ஜெர்மன் வேன் மாப்பிள்ளை

பெண் கேட்டு வந்த செல்லபாயை உட்காரச் சொல்லாமலே தாசையன் பேச்சை முடித்தார்.

"ஒங்க மவனுக்கு எம் மவள தரமாட்டேன்."

"அவன் என்ன குத்தம் செய்தான்?"

அவள் மகன் ஷிபு, கோவளத்தில் ஒரு ஓட்டல் முதலாளிக்கு டிரைவர். வெள்ளைக்காரன் ஒருவன் விற்றுவிட்டுப் போன பழைய ஜெர்மன் வேனை ஓட்டுகிறான். உள்ளேயே கட்டிலும் அடுப்பும் உண்டு. இன்றும் அம்மாவை அதில்தான் கொண்டுவந்தான். பாதி ஊர் வேனைச் சுற்றி நின்றது.

"கட்டில் உள்ள வண்டில்லா, உறங்காம என்ன செய்வான்? முந்தாநாள் நான் பஸ்ஸுல நெய்யாற்றின்கரைக்குப் போறேன். எதிர்த்தாப்புல இந்த வேன் வருது. டிரைவர் சீட்டுல இவன் வாயத் தொறந்து உறங்குறான். வண்டி அது பாட்டுக்கு ஓடுது. கண்ணால கண்டதாக்கும்."

ஷிபு சிரித்தான். "மாமா, வந்து வண்டியப் பாருங்க. ஜெர்மன் வேனுக்கு ஸ்டீயரிங் இடது பக்கமாக்கும். நான் சும்மா கூட இருந்தேன்."

தாசையன் இறங்கிப் போய் எட்டிப் பார்த்தார். உண்மைதான். வலது பக்கம் வெறும் சீட்டு. திரும்பி நடந்தவர் பாதியில் நின்றார்.

"அப்போ ஓட்டுனது ஆருலே?"

ஷிபுவின் சிரிப்பு நின்றுபோனது.

தினமும் நெய்யாற்றின்கரைக்குத் தையல் கிளாசுக்குப் போய்வரும் அவர் மகள் லிஜா, கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தாள்.

"நானாக்கும் அப்பா. ஒங்க பஸ்ஸுக்கு ஒதுங்கி வழி விட்டதும் நான்தான்."

தாசையன் மகளைப் பார்த்தார், வேனைப் பார்த்தார். கடைசியில் செல்லபாயிடம் திரும்பினார்.

"உள்ள வந்து இருங்க."