நாற்காலி பெண்பால்

சிவப்புப் பேனாவை அவன் வீட்டிலிருந்தே கொண்டுவந்திருந்தான்.

ஸ்பானிஷ் வகுப்பில் மற்றவர்கள் பென்சிலால்தான் திருத்துவார்கள். இவனுக்குச் சிவப்புதான் வேண்டும். வீட்டிலும் அப்படித்தான். குழம்பில் உப்பு, மனைவி போனில் பேசுவது, கார் நிறுத்துவது, எதுவும் இவன் திருத்தாமல் தப்பியதில்லை.

அவள் எழுதிய கவிதை இப்போது அவன் கையில் இருந்தது.

நான்கே அடி. ஸ்பானிஷில் அவளுக்கு அவ்வளவுதான் வரும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயம்புத்தூரில் உட்கார்ந்து ஸ்பானிஷ் படிக்க அவளுக்கு என்ன தலையெழுத்து? அவனுடைய பம்ப் கம்பெனி அவனை மெக்சிகோவுக்கு அனுப்புகிறது. மனைவிக்கும் சேர்த்து வகுப்பு. வருகிறாயா என்று அவன் கேட்கவில்லை. போகிறோம் என்றான்.

ஒண்டிப்புதூரில் அவளுடைய பல் கிளினிக் இருக்கிறது. அவளே அலைந்து பிடித்த இடம். காலி செய்யப்போவதாகக் கட்டடக்காரரிடம் சொல்லிவிட்டான். பல் பார்க்கும் நாற்காலியை வாங்கவும் ஆள் பிடித்துவிட்டான். இன்று சாயங்காலம் வந்து எடுத்துப் போவார்களாம்.

காலையில் இட்லியைப் பிட்டுக்கொண்டே சொன்னான். சட்னி சரியில்லை என்பதையும் அதே மூச்சில் சொன்னான்.

வகுப்புக்கு வந்ததும் அவள் இந்தக் கவிதையை எழுதினாள்.

ஆக்னஸ் மேடத்தின் வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு. பக்கத்தில் இருப்பவரின் கவிதையை வாங்கித் திருத்த வேண்டும். திருத்தியவரே எழுந்து உரக்கப் படிக்க வேண்டும். பிறகு மூன்று கேள்வி. எத்தனை அடி, என்ன உணர்ச்சி, பேசுவது யார்.

மூன்றாவதற்கு எப்போதும் ஒரே பதில்தான். கவிதைசொல்லி. எழுதியவர் பெயரைச் சொல்லக் கூடாது.

"எழுதறவங்க வேற, உள்ள பேசறவங்க வேற" என்பார் மேடம்.

போன வாரம் அவன் மெக்சிகோ வானத்தைப் பற்றி எழுதியிருந்தான். பேசுவது யார் என்றதும் அவள், "இவருதானுங்க" என்று அவனைக் காட்டிவிட்டாள். வகுப்பு சிரித்தது. எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவன் அவன். வீடு வரும்வரை சிரித்தான். இதுகூடத் தெரியல, நீயெல்லாம் டாக்டர் என்றான்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இன்னும் அணையவில்லை.

அவன் வட்டம் போட ஆரம்பித்தான்.

நாற்காலி அந்த மொழியில் பெண்பாலாம். அவள் ஆண்பாலில் எழுதியிருந்தாள். ஒரு வட்டம். எழுவாயோடு வினை ஒத்துவரவில்லை. இன்னொரு வட்டம். மாட்டேன் என்பதற்கான சொல்லை வினைக்குப் பின்னால் போட்டிருந்தாள். அம்புக்குறி போட்டு முன்னால் இழுத்தான். ஒவ்வொன்றுக்கும் உதட்டைச் சுழித்தான்.

பிழையை மட்டும்தான் பார்த்தான். அவளிடம் அவன் வேறெதையும் பார்த்ததில்லை.

எழுந்து நின்றான். தொண்டையைச் செருமிக்கொண்டான். அவனுக்கு நல்ல உச்சரிப்பு. அதைக் காட்டிக்கொள்வதில் அவனுக்கு ஒரு சுகம். கணீரென்று ஸ்பானிஷில் படித்தான்.

இந்த நாற்காலி என்னுடையது.

இதை நான் விற்க மாட்டேன்.

நீ கடல் தாண்டிப் போ.

நான்காவது அடிக்கு வந்தபோது குரல் இறங்கிவிட்டது.

நான் வரவில்லை.

திருத்திய பிறகு அதில் ஒரு பிழையும் இல்லை. வகுப்பில் எல்லோருக்கும் புரிந்தது.

"எத்தனை அடி?" என்றார் மேடம்.

"நாலு."

"என்ன உணர்ச்சி?"

"கோபம்."

"யார் பேசறாங்க?"

வகுப்பே பதிலை வாயில் வைத்துக்கொண்டு காத்திருந்தது. அவன் அவளைப் பார்த்தான். அவள் கண்ணை எடுக்கவில்லை.

"என் வைஃப்" என்றான்.

எல்லோரும் சிரித்தார்கள். மேடமும் சிரித்துக்கொண்டே தப்பு என்று தலையாட்டினார்.

"இல்லைங்க மேடம்" என்றாள் அவள். "அவரு சொன்னது சரிதானுங்க."

சிரிப்பு நின்றுவிட்டது.

அவன் உட்காரவில்லை. மேசைமேல் பேனா மூடியைத் தேடிக்கொண்டிருந்தான்.

அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள். கிளினிக் சாவி அதில்தான் இருந்தது. அவனிடம் இருந்த அதன் மாற்றுச் சாவியும் இப்போது அதில்தான் இருந்தது.

அதை அவள் வீட்டிலிருந்தே கொண்டுவந்திருந்தாள்.