மாதிரி ரெக்கார்டு

மறுபடியும் அதே நாற்காலி.

அவளை அதில் உட்கார வைத்துவிட்டு, அவர் எதிரே உட்கார்ந்துகொண்டார்.

அடுப்பில் மீன் குழம்பு கொதிக்கிறது. துணி இன்னும் காயப் போடவில்லை. காலையில் பூசைக்குக் கட்டிப்போன புடவையைக்கூட அவள் மாற்றவில்லை. இங்கே யாருக்கு அக்கறை?

ரெக்கார்டின் மேல் ஊசியை வைத்தார்.

டம். டம். டம். டம்.

ஆரம்பித்துவிட்டது. ஆண்டவரே!

கல்யாணமான நாளிலிருந்து இதே டம் டம்தான். சின்ன வயதில் சிகாகோவுக்கு எக்ஸ்ரே வேலைக்குப் போனவர், சனிக்கிழமைதோறும் கிளப்புக்கு ஆடப் போய், ஹவுஸ் மியூசிக் என்கிற இந்த டம் டம் பைத்தியத்தைப் பிடித்துக்கொண்டு வந்தார். வெளிநாடு போனவன் எல்லாம் வளையல் வாங்கி வந்தான். இவர் டிரம் மெஷின் வாங்கி வந்தார்.

பெரம்பூர் வீட்டுப் பின்னறையில் உட்கார்ந்து இவர் தட்டுவதற்கு யார் யாரோ எங்கெங்கோ ஆடுகிறார்களாம். தட்டின் நடுவில் சவரிராஜ் என்று இவர் பெயரைப் போட்டு ஹாலந்திலிருந்து ரெக்கார்டாக வெளியிடுகிறார்கள். இந்த வயதிலும். மாடி வீட்டு அம்மா மட்டும் இன்றைக்கும் மாவு மிஷின் வைத்திருக்கிறீர்களா என்று கேட்கிறாள்.

புதிதாக இரண்டு வந்திருக்கின்றன. விற்பதற்கு இல்லை, மாதிரி. இவர் கேட்டுப் பார்த்து, உரசல் கிரசல் எதுவும் இல்லை என்று சொன்ன பிறகுதான் கம்பெனிக்காரன் மற்றதை அச்சடிப்பான்.

போன ரெக்கார்டை இவர் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகத்தான் கேட்டார். சரி என்றார். வெளியே வந்த அத்தனையிலும் கரகரவென்று சத்தம். வாங்கியவர்கள் எல்லாம் திட்டித் தீர்த்தார்கள். இன்னொரு தடவை இப்படி ஆனால் இதோடு முடித்துக்கொள்வோம் என்று கம்பெனிக்காரன் நேராகவே சொல்லிவிட்டான். அன்றைக்கெல்லாம் இவர் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. மனிதருக்கு இருப்பதே இந்த ஒன்றுதான்.

அதற்குப் பிறகுதான் இந்தப் புதுப் பழக்கம். அவளும் கூட உட்கார வேண்டும்.

உட்கார்ந்தால் மட்டும் ஒரு வார்த்தை பேசுகிறாரா? ஸ்பீக்கர் பெட்டியின் மேல் ஒரு உள்ளங்கை. கண் முழுக்க அவள் மேல். ஜன்னலை எல்லாம் சாத்தித் திரை போட்ட இருட்டறையில், எக்கி எக்கி அவள் முகத்தையே பார்க்கிறார். பெண் பார்க்க வந்தபோதுகூட இப்படிப் பார்க்கவில்லை.

நடுவில் எங்கோ ஒரு கிர்ர்.

அவள் முகத்தைச் சுளித்தாள்.

சட்டென்று ஊசியைத் தூக்கினார். ரெக்கார்டின் நடுவில் ஒட்டியிருந்த வெள்ளைத் தாளில் பென்சிலால் ஒரு கோடு போட்டார். மறுபடி அவள் முகம்.

"என் மூஞ்சியில என்னங்க எழுதி ஒட்டியிருக்கு?"

அவர் அந்த ரெக்கார்டை எடுத்து உறையில் போட்டார்.

இந்த வருஷம் எதற்குத்தான் பதில் இருந்தது? குக்கர் விசில் அடித்து அடித்து ஓய்ந்து பருப்பு கருகுகிறது, அதற்கு எதிரிலேயே உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார். காலிங் பெல் அடித்தால் எழுந்திருப்பதில்லை. மகாராஜா பாருங்கள், கதவு திறக்க ஆள் வைத்திருக்கிறார். கத்திக் கத்தி அவளுக்குத் தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

இரண்டாவது ரெக்கார்டை வைத்தார்.

மறுபடியும் அதே பார்வை.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நல்லா பாருங்கள், பார்த்துக்கொண்டே இருங்கள். முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டாள். இனி ஒரு சுளிப்பு கிடையாது, ஒரு சிரிப்பு கிடையாது.

டம். டம். டம். டம்.

டிக்.

தட்டு ஒவ்வொரு தடவை சுற்றும்போதும். டிக். சுவர்ப் பல்லி மாதிரி. டிக். மாடி வீட்டுக்கே கேட்கும்.

அவள் அசையவில்லை.

அவரும் அசையவில்லை.

அந்தப் பக்கம் முடிந்து ஊசி நின்றது. அவர் முகத்தில் அப்படியொரு நிம்மதி. பென்சிலைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார்.

"இது சுத்தமா இருக்கு."

சுத்தமா?

வாயைத் திறந்தாள். திட்டத்தான் திறந்தாள்.

சத்தம் நின்ற பிறகும் அவர் கை பெட்டியின் மேலேயே இருந்தது.

குக்கர் விசில். காலிங் பெல். போன ரெக்கார்டு.

இந்த மனிதருக்கு அந்தச் சத்தம் கேட்கவே இல்லை. அவள் முகத்தைப் பார்த்துத்தான் கோடு போட்டிருக்கிறார்.

பாவி மனுஷா. காது கேட்கவில்லை என்று வாயைத் திறந்து சொல்லித் தொலைத்தால் குடியா முழுகிப்போய்விடும்? இத்தனை நாள் அவளைப் பேய் மாதிரிக் கத்த விட்டு வேடிக்கை பார்த்திருக்கிறார். ஆத்திரத்தில் அவளுக்குக் கண் கலங்கியது.

எழுந்தாள். போகிறாள் என்று நினைத்து அவர் முகம் சுருங்கிப்போனது.

அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

டியூப் லைட்டைப் போட்டாள்.

நாற்காலியை இழுத்து, முகத்தில் வெளிச்சம் படுகிற மாதிரிப் போட்டு, முட்டியோடு முட்டி இடிக்கக் கிட்டத்தில் உட்கார்ந்தாள். முதலிலிருந்து என்று விரலைச் சுழற்றிக் காட்டினாள்.

அவர் கொஞ்ச நேரம் அவளையே பார்த்தார்.

பிறகு ஊசியை வைத்தார்.

டம். டம். டம். டம். கர்மம்.

டிக்.

எலுமிச்சங்காயைக் கடித்த மாதிரி முகத்தைச் சுளித்தாள்.

பென்சில் வெளியே வந்தது. வெள்ளைத் தாளில் ஒரு கோடு விழுந்தது.

"அந்தப் பக்கமும் பாத்துடலாமா?" என்றாள்.

அவர் காதில் விழவில்லை.

அவள் கையை நீட்டி, ரெக்கார்டைத் திருப்பிப் போடுகிற மாதிரி உள்ளங்கையைத் திருப்பிக் காட்டினாள்.