கப்பல் கிடாய்

கோயிலில் பூசாரி தண்ணீர்ச் சொம்பை எடுத்ததும், சண்முகப்பிரியா பலிக்கு நேர்ந்துவிட்ட கிடாயையே பார்த்தாள். தண்ணீர் பட்டுக் கிடாய் சிலிர்த்து உதறினால் சாமி சம்மதித்துவிட்டதாக அர்த்தம். உடனே அரிவாள் இறங்கும்.

அவள் கதைப்புத்தகத்தை மார்போடு இறுக்கிக்கொண்டாள். விலங்குகள் கப்பலேறிக் கடலில் போகும் கதை. பக்கத்துக்குப் பக்கம் படம்.

“கிடாய் பளபளன்னு இருக்குதுங்க,” என்றார் பூசாரி.

“எம்புள்ளதானுங்க தெனமும் தண்ணி வாத்துச்சு,” என்று அம்மா பெருமைப்பட்டாள்.

முதல் சொம்புக்குக் கிடாய் அசையவில்லை. இரண்டாவதற்கும் அப்படியே நின்றது. மூன்றாவதை முதுகு முழுக்க ஊற்றினார். சண்முகப்பிரியா கண்களை மூடிக்கொண்டாள்.

“சாமிக்கு இது வேண்டாமாட்ட இருக்குதுங்க. ஊட்டுக்கு ஓட்டிட்டுப் போங்க,” என்று சொம்பைக் கீழே வைத்தார் பூசாரி.

அப்பாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. “என்ன குத்தம் பண்ணுனமோ!”

வீட்டில் அம்மா அந்தப் புத்தகத்தைப் புரட்டினாள். ஒரு பக்கம் மட்டும் நனைந்து உப்பியிருந்தது. படத்தில், பேரலை அடிக்கும் கப்பலில் ஓர் ஆடு அசையாமல் நின்றது. கீழே, ‘ஒரு துளிக்கே சிலிர்த்தவன், தினமும் நனைந்து நனைந்து அலைக்குப் பழகிவிட்டான்’ என்றிருந்தது.

வாசலில் மகள் கிடாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

“ஏனுங்க, சாமி குத்தமெல்லாம் ஒண்ணுமில்லீங்க,” என்று கணவனுக்குக் குரல் கொடுத்தபடியே, அம்மா புத்தகத்தை அரிசி டிரம்முக்குள் ஒளித்து வைத்தாள்.