பத்தாவது முதலாளி

"வாசல்லயே நில்லு. உள்ள வராத!"

தம்பி செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அக்கா கதவை மறித்துக்கொண்டு நின்றாள். அவளுக்குக் கோபம் வந்தால் தெருவுக்கே கேட்கும்.

"ஏற்றுமதி மானியத்தை நிறுத்தின ஃபைல் கவர்ன்மென்ட் ஆபீஸ்ல உன் மேஜையிலேருந்துதானே போச்சு? கூடப்பிறந்தவன் செய்யற வேலையாடா இது?"

அவள் கணவர் பால் பவுடர் தொழிற்சாலை முதலாளி. வெளிநாட்டுக்குப் போகும் ஒவ்வொரு மூட்டைக்கும் அரசாங்கம் மானியம் கொடுத்தது. அந்தத் தெம்பில் அங்கே அடிமாட்டு விலைக்கு விற்றார்கள். மானியம் நின்று ஆறு மாதம் ஆகிறது. இரண்டு இயந்திரங்களில் ஒன்று ஓடவில்லை.

"ஒரு ஆளையும் வேலையை விட்டு அனுப்பக்கூடாதுன்னு காரை வித்துட்டாரு. இந்த வயசுல உங்க மாமா பஸ்ல தொங்கிக்கிட்டுப் போறாரு. கண்ணு குளிர்ந்துச்சா?"

கூடத்தில் கணவர் பேப்பருக்குள் முகத்தைப் புதைத்திருந்தார். நடுவில் புகுந்தால் தனக்கும் விழும் என்பது அவருடைய அனுபவம்.

"அக்கா, மானியம் தொடரணும்னுதான் நான் ஃபைல்ல நோட் எழுதினேன். தப்புன்னு தெரிஞ்சும் உனக்காக எழுதினேன்."

அக்காவின் குரல் கொஞ்சம் இறங்கியது. "அப்புறம் எப்படி நின்னுச்சு?"

"முடிவெடுக்க வேண்டிய கமிட்டி பத்து முதலாளிகளைக் கூப்பிட்டு, கதவைச் சாத்திக்கிட்டுத் தனித்தனியா விசாரிச்சுது. நான் பக்கத்துல உட்கார்ந்து குறிப்பெடுத்தேன். ஒன்பது பேர் குடுத்தே ஆகணும்னாங்க. பத்தாவது ஆள் நிறுத்துங்கன்னுட்டார்."

"எவன் அவன்?"

"பேர் சொல்லக்கூடாதுக்கா."

"ஊருக்கு நல்லவன் வேஷம் போடுறானா? சொந்தத் தலையில மண்ணை வாரிப் போட்டுக்கிட்டவனுக்கு மூளை இருக்குமா?"

"முழுசாக் கேளு. பவுடர் விக்க ஒரு நாட்டுக்குப் போயிருக்கார். அங்க ஒரு அம்மா கறந்த பாலை அப்படியே சாக்கடையில கொட்டிக்கிட்டு இருந்தாங்களாம். வெளிநாட்டுப் பவுடர் பாதி விலைக்குக் கிடைக்குது, எங்க பாலை யாரு வாங்குவான்னு கேட்டாங்களாம். தொழுவத்துல சாரலுக்கு மறைப்பா ஒரு காலி மூட்டை கட்டியிருந்துச்சு. அதுல இவர் கம்பெனி பேரு."

"கமிட்டிகிட்ட என்ன சொன்னான்?"

"மானியம் நின்னா என் தொழில் பாதியாயிடும், தெரியும். ஆனா அந்தம்மா பாலைக் கொட்டினாத்தான் என் மிஷின் ஓடும்னா, அது ஓடவே வேணாம்னார். நான் எழுதின நோட்டைப் பார்க்க எனக்கே கூசிப்போச்சுக்கா."

"அந்தம்மா இப்போ?"

"அந்தம்மாவைத் தெரியாது. ஆனா அந்த நாட்டுல இழுத்து மூடின பால் சொசைட்டியை எல்லாம் மறுபடியும் திறக்கறாங்கன்னு போன வாரம் ரிப்போர்ட் வந்துச்சு."

கதவைப் பிடித்திருந்த அக்காவின் கை தானாக இறங்கியது. கோபம் போன இடம் தெரியவில்லை.

"இப்படியும் ஒரு மனுஷனாடா! கையெடுத்துக் கும்பிடணும் போல இருக்கு." சட்டென்று ஒரு சந்தேகம் வந்தது. "ஏண்டா, இதுக்கு அவரு பொண்டாட்டி ஒண்ணும் சொல்லலையா?"

தம்பி தலையைக் குனிந்துகொண்டான். கூடத்தில் பேப்பர் மெதுவாகக் கீழே இறங்கியது.

"அரை மணி நேரமா வாசல்ல நின்னு சொல்லிக்கிட்டுதானே இருக்கா" என்றார் கணவர். "போதும்மா, தம்பியை உள்ள விடு."