திறக்காத லாக்கெட்

“உள்ள எவனோ ஒருத்தன் இருக்கான்ணே. தெறந்து விடுங்க” என்று கருப்பணன் லாக்கெட்டைப் பட்டறைப் பலகையில் வைத்தான்.

நாகல்நகரில் பூட்டு செய்யும் ராயப்பராஜ் அதைத் திருப்பிப் பார்த்தார். கருப்பணனின் மனைவி முனீஸ்வரி சற்றுத் தள்ளி நின்றாள். வெளியே நின்ற, கருப்பணன் ஓட்டும் காய்கறி லாரியில் அவளுடைய டிரங்குப் பெட்டி ஏற்கெனவே ஏறியிருந்தது. உள்ளே ஆண் முகம் இருந்தால் லாரி நேரே எரியோட்டுக்கு, அவள் அப்பன் வீட்டுக்குப் போகும்.

“தட்டான்கிட்ட காட்டலையா?”

“கொக்கி துரு ஏறிப்போச்சு, ஒடைச்சாத்தான் உண்டுன்னுட்டான். உள்ள இருக்கவன் சேதாரமாகக் கூடாதுல்ல? சாட்சியாச்சே.”

“அப்ப சரியான எடத்துக்குத்தான் வந்திருக்க அப்பு. லாக்கெட்டுங்கற பேரே பிரெஞ்சுக்காரன் பாஷையில சின்னத் தாழ்ப்பாளாம். எங்க சர்ச் சாமியார் சொன்னாரு. தாழ்ப்பாள்னா நம்ம தொழில்தான?”

கருப்பணனுக்குப் பெயர் ஆராய்ச்சியில் நாட்டமில்லை. “எண்பத்திரெண்டுல தாலி கட்டுறப்பவே இது கழுத்துல கெடந்துச்சுண்ணே. நான் முடிச்சுப் போடுறேன், இவ வாசலையே பாத்துக்கிட்டிருக்கா. எவனோ வரணும்போல. குளிக்கிறப்பக் கூட கழட்ட மாட்டா. நேத்துத்தான் புடுங்குனேன்.”

“பொண்ணு பாக்கப் போனப்பவே வெசாரிக்கிறதுதான?”

“எங்கிட்டுப் போறது? கேரளா லோடு விடவே நேரம் பத்தல. தாலி கட்டத்தான் நேரா வந்தேன். அதுவரைக்கும் என் போட்டோதான் வீடு வீடாப் போச்சு, போன வேகத்துல திரும்பியும் வந்துச்சு. கடைசியில தரகர் பேச்சிமுத்து கையில குடுத்தேன். மறுநாளே இவ வீட்டுல சம்மதம்னுட்டாங்க. கெட்டிக்காரன்ணே!”

ராயப்பராஜ் இரண்டு சொட்டு சீமெண்ணெய் விட்டு, ஊசியால் மெல்ல நெம்பினார். மூடி திறந்துகொண்டது.

உள்ளே ஒரு சின்னப் போட்டோ: சுருட்டை முடி, அரும்பு மீசை, அடக்கமான சிரிப்பு. கருப்பணனின் வழுக்கைக்கும் அந்த முகத்துக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

“பாத்தீங்களாண்ணே!” அவன் குரலில் ஜெயித்த சந்தோஷம்கூட இருந்தது. மனைவி பக்கம் திரும்பினான். “யாருடி இவன்? பேரச் சொல்லு!”

முனீஸ்வரி அழவில்லை. லாரியில் இருந்த பெட்டியைப் பார்த்தபடியே சொன்னாள்:

“பேரு தெரியாது. நீங்கன்னு சொல்லித்தான் பேச்சிமுத்து குடுத்தாரு.”