பலகை மீன்

"கொடுத்து வெச்சவங்க நீங்க! எங்க வீட்டு மனுஷனுக்கு வெந்நீர் போடக்கூடத் தெரியாது."

போன தடவை கணவனுடைய மேனேஜரின் மனைவி இப்படிச் சொன்னபோது, கேட்டுக்கொண்டிருந்த அவள் புறங்கையில் மீன் செதில் ஒட்டியிருந்தது. கழுவக்கூட நேரமில்லை. சிரித்து வைத்தாள்.

இன்று சிரிக்கப் போவதில்லை.

மாதத்துக்கு ஒரு ஞாயிறு, கணவனின் ஆபீஸ் நண்பர்கள் குடும்பத்தோடு வருவார்கள். வீட்டுக்குப் பின்னால் கரி அடுப்பை மூட்டி, தேவதாருப் பலகையில் மீனைக் கிடத்திச் சுட்டுக் கொடுப்பான் அவன். ஏதோ வீடியோவில் பார்த்துப் பிடித்துக்கொண்ட பைத்தியம். நண்பர்கள் அவனுக்கு 'செஃப்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

மீன் வாங்கி வருவது அவள். செதில் உரசி, குடல் எடுத்து, பூண்டும் மிளகும் அரைத்துத் தடவுவது அவள். காலையிலேயே பலகைகளைத் தண்ணீரில் அமுக்கி ஊறப் போடுவதும் அவள்தான். ஊறிய பலகை மெல்லப் புகைந்து மீனுக்கு மணம் ஏற்றும். காய்ந்த பலகையோ மீனோடு சேர்ந்து எரிந்து போகும்.

செஃப் செய்வது, பலகையைத் தூக்கி அடுப்பில் வைப்பது. அப்புறம் கைதட்டல் வாங்குவது.

"ஒரு தடவையாவது, 'எல்லாம் இவ ரெடி பண்ணி வெச்சது'ன்னு சொல்லுங்களேன்" என்று போன வாரம் வாய்விட்டே கேட்டுவிட்டாள்.

"மசாலா தடவறதெல்லாம் ஒரு வேலையா? நெருப்புகிட்ட நிக்கறதுதான் வேலை" என்றான் அவன், போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

நில்லுங்க, நல்லா நில்லுங்க என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்.

இன்று காலையில் பலகைகளை ஊறப் போடவில்லை. மத்தியானம் குழாயடியில் பேருக்குத் தண்ணீர் காட்டி, பார்த்தால் ஊறின மாதிரி பின்வாசல் படியில் அடுக்கி வைத்தாள். அத்தனை பேர் முன்னாலும் பற்றி எரியட்டும். இந்த வீட்டில் யார் சமைக்கிறார்கள் என்று அப்போது தெரியும்.

சாயங்காலம் எல்லாரும் வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். மத்தியானமே வந்துவிட்ட நாத்தனார்தான் வழக்கம்போல ஆரம்பித்து வைத்தாள்.

"எங்க அண்ணன் கைமணம் யாருக்கும் வராது!"

கூடப் பிறந்தவள் அல்லவா, விட்டுக் கொடுப்பாளா?

செஃப் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு பலகைகளை அடுப்பில் ஏற்றினான். அவள் சமையலறை ஜன்னலோரம் நின்றாள்.

புகை வந்தது. மெல்லிய வெள்ளைப் புகை. நெருப்பு மட்டும் வரவில்லை. பலகையின் ஓரம்கூடக் கருகாமல், மீன் பொன்னிறமாக வெந்து இறங்கியது.

"செஃப்! இன்னிக்கு மாதிரி என்னிக்குமே அமைஞ்சதில்லைப்பா!"

"உள்ள என்னங்க பண்றீங்க?" என்று மேனேஜரின் மனைவி ஜன்னலைப் பார்த்துக் கூப்பிட்டாள். "உட்கார்ந்த இடத்துல சாப்பாடு வருது, கசக்குதா?"

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு தட்டுகளை எடுத்தாள். அப்போது நாத்தனார் உள்ளே வந்து கதவைச் சாத்தினாள்.

"அண்ணி, பலகையைத் தூக்கிப் பார்த்தேன். காகிதம் மாதிரி லேசா இருந்துது. நீங்க குளிக்கப் போனப்போ வாளியில போட்டு, மேல கல்லை ஏத்தி ஊற வெச்சேன். இவங்கல்லாம் வர்றதுக்குள்ள பழைய இடத்துலயே வெச்சுட்டேன்."

தட்டுகள் மேடையில் 'டங்'கென்று இறங்கின.

"நீதானா? உங்க அண்ணன் மானம் போயிடக் கூடாது, அதானே? நான் எக்கேடு கெட்டா உனக்கென்ன!"

"மெதுவா, அண்ணி."

"எதுக்கு மெதுவா? வந்ததுலேர்ந்து கைமணம், கைமணம்னு ஒரே பாட்டு. யாரு கை? இந்தா, மோந்து பாரு!"

விரல்களை நாத்தனாரின் மூக்குக்கு நேரே நீட்டினாள். பச்சை மீனும் பூண்டுமாக நாறியது. நாத்தனார் முகத்தைத் திருப்பவில்லை. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணன் முகம் கோணினா, எல்லாரும் போனப்புறம் யார் தலையில விடியும்னு எனக்குத் தெரியாதா? அதுக்குத்தான் அந்தப் பாட்டு."

"விடிஞ்சா விடியட்டும். நாலு பேருக்கு உண்மை தெரிஞ்சா போதும் எனக்கு."

"நானும் அப்படித்தான் நினைச்சேன்." நாத்தனாரின் குரல் இறங்கியது. "அண்ணனைப் பார்த்து எங்க வீட்டுக்காரரும் இதே கூத்துல இறங்கினாரு. ஒரு நாள் வீம்புக்கு ஊற வைக்காம விட்டேன். தகதகன்னு எரிஞ்சுது. மீனெல்லாம் கரி. 'பலகையை ஊற வைக்கலையாடி?'ன்னு அத்தனை பேர் முன்னாடியும் கத்தினாரு."

"நல்லா வேணும்! வந்தவங்க என்ன சொன்னாங்க?" அவளுக்கு ஆவல் தாங்கவில்லை.

"'பாவம், மனுஷன் ஆசை ஆசையா சமைக்க வந்தாரு. ஒரு பலகையை ஊறப் போடக்கூட இவளுக்குத் துப்பில்லை'ன்னு சொன்னாங்க."

வெளியே மறுபடியும் கைதட்டினார்கள்.

நாத்தனார் தட்டுகளைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"அன்னிக்குத்தான் அண்ணி எல்லாருக்கும் தெரிஞ்சுது, எங்க வீட்டுல பலகையை ஊற வைக்கறது யாருன்னு."